மூணு கிரேயும் ஒண்ணு மாதிரியே இருக்குங்க!

கேள்வி: ஹால் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்க மூணு லைட் கிரே எடுத்து வச்சிருக்கோம். ஷேட் கார்டுல வித்தியாசமே தெரியல. எதை அடிக்கலாம்? (மதுரை வாசகி)

பதில்: ஒரு வெள்ளை ஏ4 பேப்பர் மேல மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்கம்மா, ஒண்ணு நீலம் அடிக்கும், ஒண்ணு பச்சை, இன்னொண்ணு ஊதாவோ பழுப்போ. அந்த உள் கலர்தான் சுவர் முழுக்க ஏறுனதும் பூதம் மாதிரி வெளிய வரும். எனக்கு வந்துச்சு. கார்டுல கட்டைவிரல் சைஸ்ல பாத்துட்டு 20 லிட்டர் வாங்கினேன், எங்க வீட்ல ரெட் ஆக்சைடு தரை, சாயங்கால வெயில் தரையில பட்டு சுவத்துக்கு ஏறுனதும் ஹாலே கத்திரிப்பூ கலர். மாமியார் மட்டும் "கல்யாண மண்டபம் மாதிரி நல்லாருக்கு"ன்னாங்க.

மூணுலயும் இருக்கறதுலயே சின்ன டப்பா வாங்கி, பெரிய சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, நல்லா காயவிட்டு (ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க, எமல்ஷன் காஞ்சா பொதுவா கொஞ்சம் டார்க் ஆகும்) காலைல, மத்தியானம், ராத்திரி லைட் போட்டு, சுவர் சுவரா மாத்தி வச்சுப் பாருங்க. 6500கேன்னு போட்ட வெள்ளை வெளிச்ச எல்இடின்னா நீலத்தைத் தூக்கிக் காட்டும், 3000கேன்னு போட்ட மஞ்சள் வெளிச்சம் மஞ்சளாக்கும். அதனால பல்பை முதல்ல முடிவு பண்ணுங்க.

கேள்வி: செல்போன்ல பாத்து ஆர்டர் பண்ணி, கலர் கலக்கி வாங்கியாச்சு. பிடிக்கல. ரிட்டர்ன் எடுப்பாங்களா?

பதில்: எடுக்க மாட்டாங்க. யார் கேப்பா உங்க கிரேயை?

கேள்வி: நான் கேட்டது ஒரு கம்பெனி ஷேட். கடைக்காரர் சொல்லாம வேற கம்பெனி பேஸ்ல (கலர் சேர்க்கறதுக்கு முன்னால இருக்கற பெயிண்ட்) கலந்து குடுத்து அதே ரேட் வாங்கிட்டார். சுவர் பாசி புடிச்ச மாதிரி இருக்கு. கேட்டா "கிரேன்னா கிரேதான் சார்"ங்கறார்.

பதில்: அய்யோ பாவம் சார், இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. "கம்ப்யூட்டர் மேட்ச்"னு (ஒரு கம்பெனி ஷேடை மிஷின் வச்சு வேற கம்பெனி பெயிண்ட்ல கொண்டு வர்றது) இவங்க பண்ற அநியாயத்தைப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும். ஒவ்வொரு கம்பெனிக்கும் பேஸ் வேற, ஸ்டெய்னர் (அதுல கலக்கற சாயம்) வேற, ஒரு ஷேடோட கலவை ஃபார்முலா அந்தக் கம்பெனி பேஸுக்குத்தான், வேறதுல கலந்தா கடை டியூப்லைட்ல ஒண்ணாத் தெரியும், உங்க வீட்டு வெளிச்சத்துல பிரிஞ்சு நிக்கும். மத்த கலர்ல இது அவ்வளவா கண்ணுக்குத் தெரியாது, கிரேல ஒரு துளி பச்சை கூடுனாலும் மாட்டிக்கும். சம்மதிச்சு வாங்குனா அது வேற கதை, சொல்லாமக் கலந்தா ஏமாத்து வேலை. பக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மூடி ஸ்டிக்கர், பேட்ச் நம்பர், பில், சுவர் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. கடைக்கு எழுத்துல குடுங்க. மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள போகணும், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. பில்லுல கம்பெனி பேரும் ஷேட் நம்பரும் இருக்கான்னு இப்பவே பாருங்க.

கேள்வி: பாதி சுவத்துல பெயிண்ட் தீந்துடுச்சு. அதே நம்பர் வாங்குனா போதுமா?

பதில்: போதாது, புது டப்பா லேசா மாறலாம். பழசுல மிச்சமிருந்தா புதுசோட கலக்கி, அந்தச் சுவரை மூலையிலேர்ந்து மூலை வரைக்கும் திரும்ப அடிக்கச் சொல்லுங்க. நடுவுல ஒட்டுப் போடாதீங்க.