இலங்கை கப்பல் பயணம்: டூரா, தனியாகவா?

கீழக்கரை நண்பருக்கு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்று துறைமுகங்களிலும் கப்பல்காரர்கள் நடத்தும் ஊர்சுற்றும் டூரே எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அம்பாந்தோட்டைக்கு மட்டும் போதும். அங்கே பார்க்க வேண்டிய யால வனவிலங்குப் பூங்கா, கதிர்காமம் முருகன் கோவில் எல்லாம் தொலைவு. வழியில் வண்டி பழுதானாலும் டூரில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

திருகோணமலையில் கோணேஸ்வரம் சிவன் கோவில் பக்கம்தான், பிரட்ரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோ போதும், தமிழிலேயே பேசலாம். ராமேஸ்வரத்தில் பேரம் பேசிப் பழகியவருக்கு இதெல்லாம் சாதாரணம்! ஆனால் போய்வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து இலங்கை ரூபாயில் எவ்வளவு என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா என்பதில்தான் தகராறு வரும்.

காங்கேசன்துறையில் கீரிமலைக் கேணி, மாவிட்டபுரம் முருகன் கோவில் அருகிலேயே. நல்லூர் முருகன் கோவில் சுமார் 18 கி.மீ.; அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், உங்கள் அப்பாவுக்கு வேட்டி, துண்டு வசதி.

கப்பல் புறப்படும் நேரத்தை நம்பாதீர்கள். எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாசலில் இருங்கள். தாமதமானால் அழைக்க, துறைமுக முகவரின் (கப்பலுக்கான உள்ளூர்ப் பிரதிநிதி) எண்ணைக் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளிலிருந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.