அச்சிட்ட பேருந்து அட்டவணையைத் தெளிவாக அமைப்பது எப்படி?

பேருந்து அட்டவணையையும் வழித்தட வரைபடத்தையும் பயணிகளுக்குப் புரியும்படி அச்சிடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு முழுத் தடத்தின் நேரங்களும் தேவையில்லை; அங்கே வண்டி எப்போது வரும் என்பதே தேவை. ஆகவே இடப்பக்கம் மணியை ஒருமுறை மட்டும் எழுதி, அதற்கு எதிரே நிமிடங்களை அடுக்கினால், அதாவது 7 என்ற எண்ணுக்கு நேராக 05, 20, 35, 50 என்று போட்டால், கால் மணிக்கு ஒரு வண்டி என்பது பார்த்தவுடனே விளங்கும். ஞாயிறு நேரங்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும். அவற்றை உடுக்குறி (*) இட்டு அடிக்குறிப்பில் ஒளிப்பது பயணியைத் தண்டிப்பதற்குச் சமம்.

வரைபடத்தில், 1933இல் வெளியான வரைவாளர் ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் போல வளைவுகளை நேர்கோடுகளாக்கலாம்; ஆனால் பேருந்திலிருந்து இறங்குபவர் தெருவில் நடந்தாக வேண்டும் என்பதால் முக்கியச் சாலைகளின் பெயர்களை நீக்கக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பாமல், கோட்டின் மேலேயே தட எண்ணையும் அச்சிடுங்கள்.