ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் மொழிபெயர்ப்புகளுக்குக் கலீபா எடைக்கு எடை பொன் கொடுத்தது உண்மையா?

நான் இதை நம்பவில்லை. இந்தச் செய்தி இப்னு அபீ உஸைபிஆ 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த மருத்துவர் வரலாற்றில் வருகிறது. 9ஆம் நூற்றாண்டு பாக்தாதின் மொழிபெயர்ப்பாளரான ஹுனைன் இறந்தது 873இல். இடையில் ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஓடிவிட்டன. பொன் கொடுத்ததாகச் சொல்லப்படும் கலீபா மாமூன் 833இல் இறந்தார். அப்போது ஹுனைனுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. எடை கூடட்டும் என்று தடித்த தாளில், பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே தாராளமாக இடம்விட்டு எழுதினார்கள் என்றும் அந்த நூல் சொல்கிறது. சுவையான செய்திதான். ஆனால் கூலியைப் பற்றி நம்பத்தக்க குறிப்பு வேறொன்று உண்டு. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் நூற்பட்டியல் தொகுத்த இப்னு அந்நதீம், மூசாவின் மைந்தர்கள் என்ற செல்வந்தக் கணித அறிஞர்கள் ஹுனைன் உள்ளிட்ட மொழிபெயர்ப்பாளர் குழுவுக்கு மாதம் சுமார் 500 தீனார் கொடுத்ததாக எழுதுகிறார்.

மருத்துவக் கட்டுரைகளைத் தமிழாக்குவது என் தொழில். ஆகவே ஹுனைனைப் பற்றி யார் கேட்டாலும் பொன்னை விட்டுவிட்டு அவருடைய கடிதத்தைப் பற்றித்தான் பேசத் தோன்றுகிறது.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இராக்கின் ஹீரா நகரில் 808 வாக்கில் பிறந்த அரபுக் கிறித்தவர். நெஸ்டோரியர் என்று பிறர் அழைத்த கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவர். தந்தை மருந்து வணிகர். பாக்தாதில் யூஹன்னா இப்னு மாஸவைஹ் என்ற மருத்துவரிடம் படிக்கச் சேர்ந்தார். ஓயாமல் கேள்வி கேட்டதால் ஆசிரியர் எரிச்சலடைந்து, ஹீராக்காரனுக்கு மருத்துவம் எதற்கு, தெருவில் காசு மாற்றிப் பிழைத்துக்கொள் என்று விரட்டிவிட்டாராம். சில ஆண்டுகள் கழித்து ஹோமரின் வரிகளைக் கிரேக்கத்திலேயே சொல்லிக்கொண்டு ஹுனைன் திரும்பி வந்தார் என்பது அவரை அறிந்தவர் வழியாக வந்த செய்தி. அக்காலத்து பாக்தாதில் பெரிய மருத்துவர்களில் பலர் கிறித்தவர்கள்; அவர்கள் படித்தது தம் திருச்சபையின் மொழியான சிரியாக்கில். அதனால் ஹுனைன் பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களில் பெரும்பாலானவற்றை முதலில் சிரியாக்கில்தான் பெயர்த்தார். அரபுப் பெயர்ப்புகள் பெரும்பாலும் இஸ்லாமியப் புரவலர்கள் கேட்டு வந்தவை. சிரியாக்கிலிருந்து அரபுக்குக் கொண்டுபோகும் வேலையில் சகோதரியின் மகன் ஹுபைஷும் மகன் இஸ்ஹாக்கும் துணை நின்றார்கள். அரிஸ்டாட்டிலையும் யூக்ளிடையும் அரபுக்குத் தந்தவர்களில் இந்த இஸ்ஹாக் முக்கியமானவர்.

இனி அந்தக் கடிதம். அலீ இப்னு யஹ்யா என்ற நண்பர், கேலனின் நூல்கள் எவை, அவற்றில் எவை யாரால் மொழிபெயர்க்கப்பட்டன என்று கேட்டிருந்தார். ஹுனைன் 856 வாக்கில் பதில் எழுதினார். வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக அலைந்து சேர்த்த நூல்கள் அத்தனையையும் அதற்குள் அவர் இழந்திருந்தார். பழைய பட்டியல்கூடக் கையில் இல்லை. நினைவிலிருந்தே 129 நூல்களை வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றுக்கும் பொருள் என்ன, தமக்கு முன் பெயர்த்தவர் யார், தாம் எந்த வயதில், யாருக்காகப் பெயர்த்தார், கையில் இருந்த கிரேக்கக் கையெழுத்துப் படி எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. (கலீபாக்களின் நூலகமாக இருந்த பைத்துல் ஹிக்மா எனும் ஞான இல்லத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் என்று அவரை அறிமுகப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. இக்கடிதத்தில் அந்த இல்லத்தின் பெயரே வரவில்லை.)

மருத்துவர்களுக்குள் இருந்த கொள்கைப் பிரிவுகளைப் பற்றிய கேலனின் சிறுநூலைத் தம் இருபது வயதையொட்டிப் பெயர்த்ததாக எழுதுகிறார். மூலமாக இருந்த ஒரே கிரேக்கப் படி பிழை மலிந்தது. நாற்பது வயதை நெருங்கியபோது அதைத் திருத்தித் தரும்படி ஹுபைஷ் கேட்டார். அதற்குள் பல கிரேக்கப் படிகள் சேர்ந்திருந்தன. ஹுனைன் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரியான மூலம் ஒன்றை உருவாக்கினார். அதன் பிறகே தம் சிரியாக் பெயர்ப்பை அதோடு ஒத்துப்பார்த்துத் திருத்தினார். எல்லா நூல்களுக்கும் தாம் செய்வது இதுவே என்கிறார். 9ஆம் நூற்றாண்டில், அச்சு இல்லாத காலத்தில், மூலபாடத்தை நிறுவாமல் மொழிபெயர்ப்பில் கைவைக்கக் கூடாது என்று ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நிரூபண முறையைப் பற்றிக் கேலன் 15 பகுதிகளாக எழுதிய தத்துவ நூல் ஒன்றைத் தேடி மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை போயிருக்கிறார். டமாஸ்கஸில் ஏறத்தாழப் பாதி கிடைத்தது. அதுவும் வரிசை குலைந்து, அரைகுறையாக. சிகிச்சை முறை பற்றிய பெருநூலின் பெயர்ப்பில் ஒரு பெரும்பகுதி படகில் நேர்ந்த தீயில் எரிந்துபோனது. ஆண்டுகள் சில கழித்து மீண்டும் முதலிலிருந்து பெயர்த்தார்.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னோரிடம். மருத்துவப் பெயர்கள் பற்றிய நூலில் கேலன், நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸின் வரிகளை மேற்கோள் காட்டுகிறார். ஹுனைன் அங்கே தம் குறிப்பைச் சேர்க்கிறார்: படியில் பிழைகள் மிகுதி, கேலனின் நடை பழகியிருப்பதால் அவருடைய வாக்கியங்களை ஊகித்துக்கொள்ள முடிந்தது, அரிஸ்டோபனீஸின் மொழி எனக்குப் பழக்கமில்லை, ஆகவே விட்டுவிட்டேன். பாக்தாதின் முதன்மை மொழிபெயர்ப்பாளர் இதை எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. மழுப்பலாக நான்கு வரி எழுதியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

குறையும் உண்டு. கிரேக்கத் தெய்வங்கள் வரும் இடங்களில் இறைவனையும் வானவர்களையும் வைத்துவிடும் பழக்கம் அந்தக் குழுவுக்கு இருந்தது. ஒரே இறைவனை நம்பிய வாசகர்களுக்காக என்று புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும் படிகளை அவ்வளவு கண்டிப்பாக ஒப்பிட்டவர்கள் அந்தப் பெயர்களையும் காப்பாற்றியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்த உழைப்பால் இன்று நமக்குக் கிடைத்திருப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கேலனின் உடற்கூறு நடைமுறைகள் என்ற நூலின் ஒன்பதாம் பகுதியின் இடையிலிருந்து பதினைந்தாம் பகுதி வரை கிரேக்கத்தில் அழிந்துவிட்டது. அரபில் மட்டுமே இருக்கிறது. பிளேட்டோவின் திமேயஸ் என்ற நூலுக்குக் கேலன் எழுதிய சுருக்கமும் அப்படித்தான். கண் மருத்துவத்தைப் பற்றி ஹுனைன் தாமே எழுதிய பத்துக் கட்டுரைகள் 1928இல் கெய்ரோவில் ஆங்கிலப் பெயர்ப்புடன் அச்சாகின. கடிதத்தை 1925இல் பெர்க்ஸ்ட்ராஸர் என்ற அறிஞர் ஜெர்மன் பெயர்ப்புடன் பதிப்பித்தார். பிற்காலத்தில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. வாய்ப்புள்ளவர்கள் பொன் கதையைச் சொல்லும் கட்டுரைகளுக்கு முன்னால் அதைப் படியுங்கள்.