ஒரு நினைவு ஒரே ஒரு மூளைச் செல்லுக்குள் இருக்குமா?

இல்லை. ஒரு சம்பவம் நடக்கும்போது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் குறிப்பிட்ட சில செல்கள் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வலுவாகின்றன. அப்புறம் அந்தக் கூட்டத்தில் சில செல்களைத் தொட்டாலே மற்றவையும் விழித்துக்கொள்ளும். மண்வாசனை பட்டதும் பாட்டி வீட்டு முற்றம் மனதில் வருவது இப்படித்தான்.

2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி சுசுமு டொனேகாவாவின் குழு செய்த சோதனை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஒரு பெட்டியில் எலிக்கு லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அப்போது இயங்கிய செல்கள் மட்டும் ஒளிக்குத் தூண்டப்படும்படி மரபணு மாற்றம் செய்திருந்தார்கள். பிறகு ஆபத்தே இல்லாத வேறொரு பெட்டியில் அந்தச் செல்கள்மீது நீல ஒளியைப் பாய்ச்சியதும், எலி பயந்து அசையாமல் நின்றுவிட்டது.