கதையை மாற்றிச் சொல்கிறான் என்றால் பொய் சொல்கிறான் என்று அர்த்தமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சமூகப் பணியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். இலங்கையிலிருந்து தனியாகப் படகில் வந்த பையன் ஒருவனைக் குழந்தைகள் நலக்குழு எங்களிடம் அனுப்பியிருக்கிறது. 16 வயது என்கிறான், பார்த்தால் அதற்கு மேல் இருக்கும்போலத் தெரிகிறது. அம்மா இருக்கிறார் என்று முதலில் சொன்னான், இப்போது இல்லை என்கிறான். 15 நாளில் அறிக்கை தர வேண்டும். என்ன எழுதுவது?

பதில்: முதலில் அந்த 15 நாள் பயத்தை விடுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அது சமூக விசாரணைக்கான கெடு. குழு இறுதி ஆணை போட நான்கு மாதம் வரை இருக்கிறது. அம்மாவைப் பற்றி என்றைக்கு என்ன சொன்னான் என்பதைத் தேதி போட்டு, அவன் வார்த்தையிலேயே எழுதி, ‘விசாரணை தொடர்கிறது’ என்று நிறுத்துங்கள். ‘முரணாகப் பேசுகிறான்’ என்று நீங்கள் எழுதிவிட்டால், அந்தச் சொல் பையனுக்கு முன்னாலேயே அடுத்த அலுவலகத்துக்குப் போய்விடும்.

அவன் கதையை மாற்ற எத்தனையோ காரணம் இருக்கலாம். அனுப்பி வைத்தவர் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார். படகுக் காசு ஊரில் கடனாக நிற்கும். அம்மா இருக்கிறார் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். பெரிய அதிர்ச்சியைப் பார்த்த பிள்ளைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவும் வராது. கரையில் இறங்கியதிலிருந்து எத்தனை பேர் அவனைக் கேள்வி கேட்டிருப்பார்கள்! நீங்களும் படகிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் வருகிறதா, எந்த வகுப்பு வரை படித்தான், இங்கே யாரோடு ஒட்டுகிறான் என்று போங்கள். பல இல்லங்களில் சமையல்கட்டு ஆச்சியிடம்தான் முதல் பேச்சு வரும். அவர் கேட்டுக்கொண்டால் போதும், துருவக் கூடாது என்று அவரிடம் சொல்லி வையுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்தான விஷயம் என்றால் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும், அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயது விஷயத்தில் உங்கள் கண் சாட்சி ஆகாது. பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. 94-ஆம் பிரிவு சொல்லும் வரிசை இது. அந்தச் சோதனையிலும் இரண்டு வயது முன்பின் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982-இல் சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர் போனில் சான்றிதழின் படம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆனால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு நீங்களாகப் போன் போடாதீர்கள். அவன் எதற்குப் பயந்து ஓடிவந்தான் என்பது இன்னும் தெரியாது.

அகதிகளுக்கான 1951 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, தஞ்சம் தருவதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. இவனுக்குக் கைகொடுப்பது இளைஞர் நீதிச் சட்டம்தான். 18 முடியாதவன் குழந்தை என்கிறதே தவிர, எந்த நாட்டுக் குடிமகன் என்று அது கேட்பதில்லை. அதே நேரம், 9.1.2015-க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா விஷயத்தில் 2025-இல் தந்த விலக்கு இவனுக்குப் பொருந்தாது. ஆகவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேட்டு இப்போதே மனுப் போடுங்கள். குழந்தைக்கு அது இலவசம்.

அகதி முகாமிலிருந்து சித்தப்பா என்று ஒருவர் வந்தால், பையனிடம் தனியாகக் கேளுங்கள், அப்புறம் குழுவுக்கு எழுதுங்கள். கையோடு அனுப்புவது கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. நம் பக்கத்தில் அறுபதாம் வயதுச் சாந்தி, கல்யாணம் என்றால் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள், கூட நின்று படமும் எடுப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் மதியம் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் யாழ்ப்பாணம் போய்ச் சேரும், கடன் கொடுத்தவன் கண்ணிலும் படும். படம் எடுக்கும்போது பையன் அங்கே இருக்கக் கூடாது. வீட்டார் முகம் சுளித்தால் 74-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.