சமீபத்தில் படித்து முடித்த புத்தகங்கள் எவை? படித்ததால் என்ன பயன்?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னைச் சீண்டிவிட்டது. வீட்டில் யாரோ உங்களை இப்படிக் கேட்டிருப்பார்கள், அந்தக் கடுப்பில் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும், என்னை தினமும் கேட்கிறார்கள்.

நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் மூச்சுவிட நேரமிருக்காது, மதியத்துக்கு மேல் ஈ ஓட்டுகிற வேலைதான், அப்போது படிப்பேன். 44 வயதுக்காரி கையில் தடியாக ஒரு புத்தகம் இருந்தால் நம்மூரில் ஒரே கேள்விதான்: "குரூப் ஃபோரா, குரூப் டூவா?" இல்லைங்க, கதைப் புத்தகம் என்றால், "அதைப் படிச்சு என்னக்கா ஆகப்போகுது?"

சரி, பதிலுக்கு வருகிறேன். பூமணியின் 'வெக்கை'யை 'அசுரன்' பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. 1982இல் வந்த நாவல். படத்து அப்பாவைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பதினைந்து வயது சிதம்பரம் ஒருத்தன் கையை வெட்டப் போய் ஆளையே கொன்றுவிடுகிறான், அப்புறம் அப்பனும் மகனும் காடு மலை என்று ஒளிந்து திரிகிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் போலீஸ் பிடித்துவிடுமோ என்பதைவிட அடுத்த வேளைக்கு இவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்றுதான் எனக்குப் பதறியது.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் முதல் பாதி இழுவையாக இருந்தது, நிறையக் கிரிக்கெட் வருகிறது. இலக்கியம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனால் 1948இல் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் வந்த பிறகு, கடைசியில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறானே, அதைப் படித்த கையோடு ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு மீதிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டேன்.

டேனியல் என்ற டாக்டர் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு', தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதை. படித்தபின் ஒரு வாரம் டீ இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். பொய். மறுநாளே குடித்தேன்.

நான் நிஜமாகப் பேச விரும்புவது பழைய ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றிய உ.வே.சா. தன் வாழ்க்கையைச் சொல்லும் 'என் சரித்திரம்' பற்றி. ஆனந்த விகடனில் 1940இலிருந்து எழுதிவந்தவர் 1942இல் இறந்துவிட்டார், அதனால் கதை பாதியில் நிற்கிறது, நான் முடித்தேன் என்பதே ஒரு பேச்சுக்குத்தான். அதில் 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்றதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசரவே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர், கல்லூரி வாத்தியார், முகம் எப்படிப் போயிருக்கும்! ஆனால் முதலியார் கேட்டதோடு விடவில்லை, பிரதியும் கொடுத்தார். 1887இல் உ.வே.சா. பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. என்னிடம் என்ன ஆகப்போகுது என்று கேட்பவர்களில் ஒருத்தர்கூட இதுவரை ஒரு புத்தகம் கொடுத்ததில்லை.

இன்னோர் இடம். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறார். கோயில்காரர்கள் பழைய ஏடுகளையெல்லாம் ஆகமப்படி என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். பக்கம் இரண்டு ரூபாய்க்கு நகல் எடுக்கிறவள் நான், அதைப் படித்ததும் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாலில் ஒன்று, எது என்று சொல்லமாட்டேன், நானூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது, அறுபதாவது பக்கத்திலேயே தாள் தாளாகக் கையோடு வந்துவிட்டது. நூல் தையலே கிடையாது, முதுகை வெட்டிப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள், மேஜையில் விரித்து வைத்தால் பிளந்துகொள்கிறது. காகிதம் விலை ஏறிவிட்டது, சிறிய பதிப்பகங்கள் என்ன செய்யும் என்று சிலர் வருவீர்கள், தெரியும், நானும் காகிதம் வாங்குகிறவள்தான். கடைசியில் நானே ஓட்டை போட்டு ஸ்பைரல் மாட்டினேன். ஒரு நல்லது, அதற்கப்புறம் எந்தக் குரூப் என்று யாரும் கேட்பதில்லை, யாருடைய கேஸ் கட்டோ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.