அடிபட்ட மானைத் தேடுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில் வேட்டையாடுகிற நண்பர்களிடம், அடிபட்டு ஓடிய மானைத் தேடுவது பற்றி என்னிடம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்குமேல் ஒரே கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணா, குண்டு பட்டது நிச்சயம். உடனே பின்னால் ஓடினேன். மூன்று மணி நேரம் தேடியும் மான் கிடைக்கவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

உடனே ஓடியதில்தான் தப்பு, தம்பி. அடிபட்ட மான், பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தால், கொஞ்ச தூரத்திலேயே ஒரு மறைவு பார்த்துப் படுத்துவிடும். பெரும்பாலும் அங்கேயே உயிர் போய்விடும். நம் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்துவிடும். அந்த இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட நீளமாக இருக்கும், தரையில் விழும் ரத்தமோ குறைவாக இருக்கும். நானே இப்படி ஒரு பெண்மானை இழந்திருக்கிறேன். வயிற்றில் பட்டிருந்தது. இருபது நிமிஷம்கூடப் பொறுக்காமல் போனேன். அது படுத்திருந்த இடத்தில் புல் அமுங்கி, தொட்டால் சூடு தெரிந்தது. மான் இல்லை. அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு அப்படியே இருங்கள். மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம் இரண்டுக்கும் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வையுங்கள். இருந்த இடத்திலிருந்தே செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்து போனபின் எல்லாப் புதரும் ஒன்றுபோலத் தெரியும். அப்புறம் காது கொடுத்துக் கேளுங்கள். கிளை முறிகிற சத்தம் எந்தப் பக்கம் அடங்கியது என்பது பெரிய துப்பு.

கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. அதை மான் ஓடிய விதமும், அது நின்ற இடத்தில் கிடக்கும் ரத்தமும் மயிரும் சொல்லும்.

இளஞ்சிவப்பாக, சின்னச் சின்னக் குமிழியோடு நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி போதும். நெஞ்சில் பட்ட மான் துள்ளிப் பின்கால் உதறி, தரையோடு தாழ்ந்து பாய்ந்து ஓடும். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் கிடக்கும்.

நுரையில்லாத கருஞ்சிவப்பு ரத்தம் என்றால் கல்லீரல். நான்கு முதல் ஆறு மணி நேரம் விடுங்கள்.

ரத்தம் கொஞ்சமாக, தண்ணீராக, பச்சையோ பழுப்போ கலந்து, மென்ற புல் துணுக்கோடு இருந்தால் இரைப்பை அல்லது குடல். விரலில் தொட்டு மோந்து பாருங்கள், அந்த நாற்றம் ஏமாற்றாது. இந்த மான் சுட்டதும் பாயாது. முதுகைக் கூனிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நாலு எட்டு நடந்து போகும். பார்க்கிறவர் குறி தவறிவிட்டது என்றே நினைப்பார். இதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். மாலையில் சுட்டால் மறுநாள் விடியலில்தான் போக வேண்டும்.

பளிச்சென்ற சிவப்பு, குமிழி இல்லை, முதலில் நிறையக் கொட்டிப் போகப் போக நின்றுபோகிறது என்றால் கால் அல்லது தசை. எலும்புச் சில்லும் கிடக்கலாம். இந்த ஒன்றில் மட்டும் அதிகம் காத்திருப்பதில் பயன் இல்லை. காயம் உறைந்துவிட்டால் மான் மூன்று காலிலேயே வெகுதூரம் போய்விடும். ஆனால் தனியாகப் போகாதீர்கள். நாயும், சுடத் தெரிந்த இன்னொருவரும் கூட இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நீண்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குண்டு பட்டதும் மான் கல் மாதிரி விழுந்தது. நான் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்குவதற்குள் எழுந்து போய்விட்டது! இது எப்படி?

தோளுக்கு மேலே, முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் எலும்பு முட்களில் பட்டிருக்கும். அந்த அதிர்ச்சியில் தண்டுவடம் ஒரு நிமிஷம் மரத்துப்போய்க் கால் மடங்கிவிடும். மரப்பு தெளிந்ததும் மான் எழுந்து ஓடும். பட்டவுடன் பொத்தென்று விழும் மானைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். குறியை விலக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள், தலையைத் தூக்கினால் உடனே இன்னொரு குண்டு.

கேள்வி: ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. தவறிவிட்டது என்று விட்டுவிடலாமா?

கூடாது. உயரத்தில் பட்டு மறுபக்கம் குண்டு வெளியே வராவிட்டால் ரத்தம் முழுவதும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும். கொழுப்போ குடலோ துளையை அடைத்துக்கொள்வதும் உண்டு. சில சமயம் ஐம்பது மீட்டர் தாண்டித்தான் முதல் சொட்டு விழும். அதனால் ரத்தம் இல்லையென்றாலும் ஓடிய வழியில் இருநூறு மீட்டராவது போய்ப் பார்த்தே தீர வேண்டும்.

பார்ப்பது என்றால் நின்றுகொண்டு பார்ப்பதைச் சொல்லவில்லை. முட்டி போட்டுக் குனியுங்கள். மண் சிதறி, குளம்பு இரண்டாக விரிந்து ஆழப் பதிந்திருக்கிறதா? அங்கேதான் பாய்ந்திருக்கிறது. தரையை மட்டும் பார்க்காமல் இடுப்பு உயரம்வரை இலைகளையும் பாருங்கள். மான் உரசிப் போகும்போது ரத்தம் இலையின் அடிப்பக்கத்திலும் புல் தண்டின் ஓரத்திலும் தீற்றிக்கொள்ளும். ஒருமுறை ஒரு மணி நேரம் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேரே ஒரு இலையை எறும்புகள் மொய்த்திருந்தன. திருப்பினால் கடுகளவு ரத்தம். அங்கிருந்து முப்பது அடியில் மான் கிடந்தது.

சொட்டின் வடிவத்தையும் கவனியுங்கள். ஓடுகிற மானின் சொட்டு ஒரு பக்கம் வால் நீண்டிருக்கும், வால் காட்டும் பக்கம்தான் மான் போன திசை. நின்ற இடத்தில் விழுந்த சொட்டு வட்டமாக இருக்கும்.

கேள்வி: சார், எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ரத்தம் கண்ணில் படுவதே இல்லை.

இந்தக் குறை ஆண்களிடம் சகஜம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளிப்பானில் ஊற்றி எடுத்துப் போங்கள். ரத்தத்தின் மேல் பட்டால் வெள்ளையாக நுரைக்கும். இலையில் இயற்கையாக உள்ள சிவப்புப் புள்ளி அப்படி நுரைக்காது.

கேள்வி: நானும் என் கணவரும் நண்பர்களும் ஆறு பேராகத் தேடினோம். நன்றாக இருந்த ரத்தத் தடம் சட்டென்று நின்றுவிட்டது.

ஆறு பேர் என்பதே பிரச்சினை, அம்மா. தடத்தை மிதித்து அழித்திருப்பீர்கள். ஒருவர் மட்டும் தேட வேண்டும், அதுவும் தடத்தின் மேல் நடக்காமல் பக்கத்தில். இன்னொருவர் கடைசிச் சொட்டின் அருகிலேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் சும்மா இருப்பதே உதவி. சொட்டுக்குச் சொட்டு காகிதத் துண்டு வைத்துக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் பிடித்த வழி ஒரு கோடாகத் தெரியும்.

தடம் அறுந்துவிட்டால் கடைசிச் சொட்டை நடுவில் வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றி, பிறகு பெரிதாக்குங்கள். மான் வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பி வந்து பக்கவாட்டில் விலகியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

கேள்வி: நாய் அவசியமா?

என் அனுபவத்தில் ஒரு நல்ல மோப்ப நாய் பத்து ஆளுக்குச் சமம். ஹனோவேரியன், பவேரியன் இன நாய்களை இதற்கென்றே வளர்த்தெடுத்திருக்கிறார்கள். குட்டைக்கால் டாக்ஸ்ஹூண்டும் அருமையாகச் செய்யும். நாய் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. குளம்பிடுக்கில் உள்ள சுரப்பியின் வாடை ஒவ்வொரு அடியிலும் தரையில் படிகிறது, ரத்தம் நின்றபிறகும் அதைப் பிடித்துக்கொண்டே போகும். நீண்ட வாரில் கட்டித்தான் விட வேண்டும். நீங்கள் மிதித்துக் குழப்புவதற்கு முன்னாலேயே கூப்பிடுங்கள்.

கேள்வி: வயிற்றில் பட்டிருக்கிறது, மழை வருகிறது. காத்திருப்பதா, போவதா?

காத்திருங்கள். ரத்தம் கழுவிப் போனாலும் மான் பக்கத்தில்தான் படுத்திருக்கும். கிளப்பிவிட்டால் தடமும் இல்லை, மானும் இல்லை. வெப்பமான இரவானால் இறைச்சி கெட்டுப்போகும், உண்மைதான். அந்த நஷ்டத்தை நாம்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும், குறி தவறியது நம்முடையது.

கேள்வி: கண்டுபிடித்துவிட்டேன், உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கண்ணைப் பாருங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது. முதுகுப் பக்கமாகப் போய் நீளக் குச்சியால் கண்மணியைத் தொடுங்கள். இமை அசைந்தால் தாமதிக்காமல் வேதனையை முடித்துவிடுங்கள். கால் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள்.

கேள்வி: இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. தூக்கமே வரவில்லை அண்ணா.

அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் கேட்டு நிற்பதை நம் அகத்துறையில் பாடியிருக்கிறார்கள். அங்கே அது காதலுக்கு ஒரு சாக்கு. நமக்கு அது நிஜக் கேள்வி, தம்பி, தூக்கம் வராதது இயல்புதான். நாளை விடிந்ததும் இன்னொருமுறை போங்கள். காக்கை எங்கே கூடிக் கத்துகிறது, பருந்து எதன் மேல் வட்டமிடுகிறது, ஈ எங்கே மொய்க்கிறது என்று பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் எல்லைக்குள்ளும், ஓடை ஓரங்களிலும் தேடுங்கள். கடைசியாக நீங்கள் பார்த்த சொட்டு எப்படி இருந்தது, மான் எப்படி ஓடியது என்று எனக்கு எழுதுங்கள். எங்கே பட்டிருக்கும் என்று சேர்ந்து யோசிப்போம்.